தென்காற்று மெல்ல வீசினபோது

அன்பு மகன் ரெக்சனுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. குருசடிக்குப் புது ஓடு போட்டாச்சு. கொடியேற்றுக்கு நீ வரவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கொச்சி தோப்பும்படிக்கு வருகிற ஜெரின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று நீ வைத்துவிடுகிறாய். தூண்டில் விட்டபிறகு சும்மா இருக்கும் ராத்திரியில் படி, போதும்.

போன பயணத்தில் வானிலை எச்சரிக்கை வந்தும் நீ திரும்பாததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை மக்களே. மருமகள் ஷைனியும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைப் போய்த் திட்டாதே. துறையில் நாலு பேர் பேசினால் காதில் விழத்தான் செய்யும். அது கிடக்கட்டும். இந்த மாதம் நம்ம அன்பியத்தில், அதான் பக்கத்து வீட்டார் கூடுகிற ஜெபக் கூட்டத்தில், திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை நடத்தச் சொல்லி ஃபாதர் என்னிடம் கொடுத்திருக்கிறார். அதைத்தான் உனக்கும் எழுதுகிறேன். கடலில் கிடக்கிறவனுக்குத்தான் அந்த அதிகாரம் முழுசாக விளங்கும்.

பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகிறார்கள். லூக்கா "நாங்கள்" என்றே எழுதுகிறார், அவரும் கப்பலில் இருந்தவர். காற்று, கயிறு, நங்கூரம், ஆழம் பற்றி விவிலியத்தில் வேறெங்கும் இவ்வளவு விவரம் கிடையாது. மீரா என்ற துறைமுக ஊரில் நூற்றுவர் தலைவர் யூலியு ஓர் அலெக்சாந்திரியாக் கப்பலைப் பிடிக்கிறார். எகிப்துக் கோதுமை ஏற்றி இத்தாலிக்குப் போகிற கப்பல், ஆள் 276. எதிர்க்காற்றில் இழுத்துப் பறித்துக் கிரேத்துத் தீவின் தென்பக்கம் ஒதுங்கி, இலசேயா ஊருக்குப் பக்கத்தில் "நல்ல துறைமுகம்" என்ற இடத்தில் நங்கூரம் போட்டார்கள். அதற்குள் நோன்பு நாளும் கழிந்துவிட்டது என்கிறார் லூக்கா. யூதரின் பாவக்கழுவாய் நாள் நோன்பு அது. கி.பி. 59 என்று வைத்துக்கொண்டால் அக்டோபர் 5 வாக்கில் வரும். ரோமர் கணக்கில் செப்டம்பர் பாதியோடு நல்ல கடல் முடிந்தது, நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடல். நம்ம ஜூன், ஜூலைத் தடை மீன் பெருக. அவர்கள் தடை ஆள் பிழைக்க.

அங்கேதான் பவுல் எழுந்து சொல்கிறார்: இந்தப் பயணத்தில் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, நம் உயிருக்கும் கேடு வரும் என்று காண்கிறேன். இந்த இடத்தில் நின்று படிக்கவேண்டும். வானதூதர் வந்ததாக அங்கே எழுதவில்லை. கனவும் இல்லை, குரலும் இல்லை. "காண்கிறேன்" என்கிறார், அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே கொரிந்தியருக்கு இரண்டாம் கடிதம் 11ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார், மூன்று முறை கப்பல் உடைந்து, ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் கிடந்ததாக. கடல் கற்றுக்கொடுத்ததைத்தான் அந்த மனுஷன் சொன்னார். ஆனாலும் அது கடவுள் கொடுத்த எச்சரிக்கை. பிறகு 21ஆம் வசனத்தில், "நீங்கள் என் சொல்லைக் கேட்டிருக்கவேண்டும்" என்று அவர்களிடம் நேராகவே சொல்லுகிறார். கடவுள் எச்சரித்தால் இடியும் மின்னலுமாகத்தான் எச்சரிப்பார் என்று நினைக்கிறவன், வயர்லெஸ்ஸில் வரும் வானிலைச் செய்தியை மனுஷன் பேச்சு என்று தள்ளிவிடுவான். மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் காற்று வரும் என்றால் வானிலைத் துறை மீனவருக்கு எச்சரிக்கை விடுகிறது. அதை ஆண்டவர் தன் கையெழுத்தில் எழுதி அனுப்பவேண்டும் என்று காத்திருக்கலாமா?

நூற்றுவர் தலைவர் யாரை நம்பினார்? கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளரையும். அவர்கள் ஒன்றும் மடையர் இல்லை. அந்தத் துறை குளிர்காலம் தங்க வசதியில்லாதது. மேற்கே ஏறக்குறைய 40 மைலில் பெனிக்ஸ் என்ற நல்ல துறை இருந்தது. ஒரு நாள் ஓட்டம்கூட இல்லை. பெரும்பாலோர் போகலாம் என்றார்கள். உரிமையாளருக்கு இன்னொரு கணக்கும் இருந்திருக்கும். கிளாதியு பேரரசர் காலத்தில் ரோமில் பஞ்சம் வந்ததால், குளிர்காலத்திலும் கோதுமை கொண்டுவருகிற வியாபாரிக்குப் புயலில் வரும் நட்டத்தை அரசே ஏற்கும் என்று சலுகை கொடுத்திருந்தார். ஆக, சரக்கு போனாலும் பணம் வரும் என்ற எண்ணம் அந்தத் தொழிலில் ஊறிப்போயிருந்தது. உனக்கு அப்படி ஒரு கிளாதியு கிடையாது. உனக்குக் கடன் கணக்கு எழுதுகிற தரகர்தான் இருக்கிறார். அதனால் உன் இழுப்பு இன்னும் பலமானது என்று எனக்குத் தெரியாதா? டீசல், ஐஸ், இரை, அரிசி, பணிக்காரர் முன்பணம் எல்லாம் சேர்த்து லட்சங்களைக் கொட்டிக் கடலுக்குப் போய், கேரை மீன் கடிக்கத் தொடங்குகிற அன்றைக்குத் திரும்பி வா என்று செய்தி வந்தால் யாருக்குத்தான் கை நடுங்காது?

அதற்குப் பிறகு வருகிறது 13ஆம் வசனம். தென்காற்று மெல்ல வீசிற்று. அதைக் கண்டு, நினைத்தது கைகூடியது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள்.

புயல் வந்த இடத்தைவிட இந்த இடத்தைத்தான் நான் பயந்து படிக்கிறேன். எச்சரிக்கை வந்த பிறகு கடல் அமைதியாகும். வானம் நீலமாக இருக்கும், மீன் கடிக்கும், பக்கத்துப் போட்டுக்காரன் போகமாட்டேன் என்பான். எச்சரிக்கை பொய் என்று காட்ட அது போதும் போலத் தோன்றும். கிரேத்தின் தென்கரையில் மத்தாலா முனை வரைக்கும் கரையை ஒட்டி மறைவாகப் போகலாம். முனை தாண்டினால் கரை வடக்கே திரும்பிவிடும், மறைப்பு போய்விடும். அங்கே இடா மலையிலிருந்து வடகிழக்குக் காற்று இறங்கி அடித்தது. கப்பல் காற்றுக்கு முகம் கொடுக்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். நல்ல துறையிலிருந்து அந்த முனை சில மைல்தான்.

உன் கணக்கை நீயே போட்டுப் பார். நீ கரையிலிருந்து 300 கடல் மைல் தள்ளிக் கிடக்கிறாய். உன் போட்டு 7 அல்லது 8 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல், ஓடும். சும்மா கடலிலேயே திரும்பிவர 40 மணி நேரம். காற்று எதிர்த்தால் அதில் பாதி வேகம். வானிலைத் துறை 48 மணி நேரம் முன்னால் சொல்கிறது என்றால், உனக்கு யோசிக்க மிஞ்சுவது 8 மணி நேரம். அதில் போட்ட தூண்டிலைச் சுருட்டவே பாதி போய்விடும். சாயங்காலம் வரை பார்ப்போம், இன்னொரு மடக்கு விடுவோம் என்கிற இடத்தில்தான் ஆள் போகிறது. அலை அடித்துப் போவதைவிடத் தாமதத்தில் போவதே அதிகம்.

போன வருஷம் தெற்கே இந்தியப் பெருங்கடலில் சாகோசு தீவுகள் பக்கம்வரை போய், ஒரு பணிக்காரனுக்கும் விரல்கூட நோகாமல் கொண்டுவந்தாய். நம்ம 8 ஊரிலும் அந்தப் பேச்சுதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அந்த ஆள் இப்படியா என்று யாராவது கேட்டால் என்னால் தாங்கமுடியாது. சரி, அதை விடுகிறேன்.

ஒக்கி புயல் பற்றி எழுதாமல் இருக்கமுடியாது. 2017 நவம்பர் 29-இல் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம், அடுத்த நாள் காலையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே புயல். ஒரே நாளில் வீறுகொண்டது. நம்ம ஊர்ப் போட்டுகள் அதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போய்விட்டன. போட்டு வயர்லெஸ் 20, 25 மைலுக்கு மேல் எட்டாது. கரையில் சொன்னது அவர்கள் காதுக்குப் போகவேயில்லை. அந்த நாட்களில் சில பிரசங்கிமார், இது ஆண்டவரின் தண்டனை, கடற்கரை மக்கள் மனந்திரும்பவில்லை என்று பேசினார்கள். அவர்கள் லூக்கா 13 வாசித்திருக்கவேண்டும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொன்னார். ஒக்கியில் போனவர்கள் எச்சரிக்கையை மீறவில்லை. அவர்களுக்கு அது எட்டவில்லை. உன் போட்டுக்கு எட்டுகிறது. அவர்கள் பெயரைச் சொல்லி, "அவங்க மட்டும் பாவிகளா, வர்றது வரும்" என்று நீ பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அவர்களிடம் இல்லாத ஒரு பெட்டி உன் வீல்ஹவுஸில் இருக்கிறது மக்களே.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டர். செயற்கைக்கோள் வழியாக வேலை செய்வதால் வயர்லெஸ் எட்டாத இடத்திலும் எட்டும். போனோடு புளூடூத்தில் இணைத்தால் எச்சரிக்கை எழுத்தில் வரும், ஆபத்து என்றால் நீயும் செய்தி அனுப்பலாம். அதை அணைத்துவைத்தால் நம்ம மீன் கிடக்கும் இடம் மற்றவனுக்குத் தெரியாது என்று சிலர் சொல்கிறார்கள். அணைத்துவைத்தால் கரையில் இருக்கிறவனுக்கும் தெரியாது. அதன் வயரைத் தனியாக, ஃபியூஸ் போட்டு, நேரே பேட்டரியிலிருந்து இழு. லைட்டுக்கும் வின்சுக்கும் போகிற லைனில் சேர்க்காதே, அந்த லைன் போனால் இதுவும் போகும். ஆன்டெனாவைக் கூரைக்கு மேல், தகரமோ தடியோ மறைக்காத இடத்தில் வை. உப்புப் படிந்தால் துணி நனைத்துத் துடை. ஆபத்து நேரத்தில் அழுத்துகிற டிஏடி கருவியின் பேட்டரிக்கு முடிவுத் தேதி ஒட்டியிருப்பார்கள், புறப்படும்போது பார். வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனலைத் திறந்தே வை. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093. நெட்வொர்க் இருக்கும் தூரத்தில்தான் இந்த எண் உதவும், ஆனாலும் வீல்ஹவுஸ் சுவரில் பெயின்டில் எழுதிவை. ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையில் எழுதிக்கொடுக்கச் சொல். உயிர்காப்புச் சட்டையை வலைக்கு அடியில் போட்டுவைக்காதே. புறப்படும் அன்றைக்கே ஒவ்வொருவனையும் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்.

நீ அம்மாவிடம் சொன்னதாக அம்மா சொன்னாள்: சாவும் வாழ்வும் ஆண்டவர் கையில், பவுலே எச்சரிக்கையை மீறித்தானே எருசலேமுக்குப் போனார் என்று. அம்மா என்னிடம் இதைப் பெருமையாகத்தான் சொன்னாள், பிள்ளை விவிலியம் படிக்கிறான் என்று. நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த இடத்தை முழுசாகப் படி. 21ஆம் அதிகாரத்தில் அகபு என்ற இறைவாக்கினர் பவுலின் இடைக்கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டி, இந்தக் கச்சைக்குரியவரை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றார். எல்லாரும் போகாதீர் என்று அழுதார்கள். பவுல் சொன்னது: கட்டப்படுவதற்கு மட்டுமல்ல, சாவதற்கும் நான் தயார். "நான்" என்றுதான் சொன்னார். தன் கழுத்தைத்தான் கொடுத்தார். சாவு வரலாம் என்று தெரிந்து, ஒரு கடமைக்காகப் போனார். அவரே கிரேத்தில், 275 பேர் கூடக் கப்பலில் இருந்தபோது, போகாதே என்று சொன்னவர். இதே அகபு 11ஆம் அதிகாரத்தில் பஞ்சம் வரும் என்றபோது சீடர்கள் என்ன செய்தார்கள்? ஆண்டவர் சித்தம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அவரவர் வசதிப்படி பணம் சேர்த்து, பர்னபா, சவுல் (பவுலின் இன்னொரு பெயர்) கையில் யூதேயாவுக்கு அனுப்பினார்கள். உன் போட்டில் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டு நீ ஆண்டவர் சித்தம் என்றாய்? எசேக்கியேல் 33 சாமக்காவலனைப் பற்றிச் சொல்கிறது. அவன் வாள் வருவதைக் கண்டும் கொம்பு ஊதாவிட்டால் செத்தவனின் இரத்தப்பழி அவன்மேல். போட்டை ஓட்டுகிற ஸ்ராங்கு அந்த இடத்தில்தான் நிற்கிறான். செய்தி வந்தது உனக்கு மட்டும் தெரியும், பணிக்காரனுக்குத் தெரியாது என்றால் கொம்பு உன் கையில் இருக்கிறது.

இன்னொரு வழியிலும் ஆள் வழுக்குகிறான். அது 2020 புரெவி புயல். டிசம்பர் 2-இல் திருகோணமலை பக்கம் கரையேறி, நம்ம பக்கம் வருகிறது என்று தென்மாவட்டம் முழுக்க எச்சரிக்கை. துறை முழுக்கப் போட்டை மேலே ஏற்றிக் கட்டினார்கள். அது மன்னார் வளைகுடாவில் தளர்ந்து அங்கேயே கரைந்தது. குமரியில் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து, "இவனுக சொல்றது இப்படித்தான்" என்று ஒரு பேச்சு. 1 சாமுவேல் 23 எடுத்துப் பார். தாவீது ஏறக்குறைய 600 பேரோடு கெயிலா ஊரில் இருக்கிறார். தன்னைக் கொல்லத் தேடுகிற அரசன் சவுல் இங்கே வருவாரா என்று ஆண்டவரிடம் கேட்கிறார். வருவான் என்று பதில். ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். தாவீது உடனே ஊரைவிட்டுப் போய்விட்டார். பிறகு என்ன ஆயிற்று? சவுல் வரவில்லை. ஊரார் பிடித்துக் கொடுக்கவுமில்லை. ஆண்டவர் சொன்னது நடக்கவில்லை என்று தாவீது ஒருநாளும் சொல்லவில்லை. நடக்காமல் போனதே அவர் கேட்டதால்தான். நினிவேக்கு 40 நாளில் அழிவு என்று யோனா அறிவித்ததும் அழியவில்லை. ஊர் மனந்திரும்பியது. எச்சரிக்கை பொய்த்துப்போவதற்குத்தான் எச்சரிக்கையே கொடுக்கப்படுகிறது. கரையில் கட்டிப்போட்ட நாட்களின் டீசல் கணக்கை நான் பார்க்கமாட்டேன், நீயும் பார்க்காதே.

ஆனால் எல்லாக் குரலும் ஆண்டவர் எச்சரிக்கை இல்லை, அதையும் சொல்லவேண்டும். இப்போது வாட்சப்பில் ஒருத்தன் இந்தத் தேதியில் சுனாமி என்கிறான், இன்னொருத்தன் இந்தத் தேதியில் போனால் மீன் ஆசீர்வாதம் என்கிறான், காணிக்கை எண் கீழே போட்டிருக்கிறான். 1 அரசர்கள் 22இல் ஆகாபுக்கு ஏறக்குறைய 400 பேர் போய்வா, வெற்றி என்றார்கள். மீக்காயா ஒருத்தர் மட்டும் போகாதே என்றார். 400 பேர் சொன்னது அரசன் கேட்க விரும்பியது. என் அளவுகோல் இதுதான்: சொல்கிறவனுக்கு நான் போவதால் இலாபமா, திரும்புவதால் இலாபமா? வானிலைத் துறைக்காரனுக்கு நீ திரும்பிவந்தால் ஒரு காசும் கிடைக்காது. அவன் சொன்னால் கேள். நம் ஆசைக்கு ஒத்து ஊதுகிற இறைவாக்கு எது வந்தாலும் இரண்டு மடங்கு சந்தேகப்படு. ஆகாபு என்ன செய்தான் தெரியுமா, எச்சரிக்கையைக் கேட்டுப் பாதி பயந்து, மாறுவேடம் போட்டுக்கொண்டு போருக்குப் போனான். யாரோ ஒருவன் குறிவைக்காமல் விட்ட அம்பு கவசத்தின் இடுக்கில் நுழைந்தது. டிரான்ஸ்பாண்டரை அணைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த மாறுவேடம்தான் நினைவுக்கு வரும்.

மறுபடி கப்பலுக்கு வருகிறேன். கிலவுதா என்ற சின்னத் தீவின் மறைவில் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. பின்னால் இழுத்துவந்த சின்னப் படகைப் பாடுபட்டு மேலே ஏற்றினார்கள். கப்பலின் அடியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், பலகை பிரியாமல் இருக்க. சிர்த்தி மணல்திட்டில் ஏறிவிடக்கூடாது என்று பாய்க்கருவியை இறக்கினார்கள். அடுத்த நாள் சரக்கைக் கடலில் எறிந்தார்கள், மூன்றாம் நாள் கப்பலின் தளவாடத்தை. சூரியனும் விண்மீனும் பல நாள் தெரியவில்லை. கணியம் (இடம் அறியக் கரை அடையாளம்) பார்க்க மலையும் இல்லை, கோயில் கோபுரமும் இல்லை. 1848-இல் ஜேம்ஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கணக்குப் போட்டார்: கிலவுதாவிலிருந்து மால்டா ஏறக்குறைய 476 மைல், அப்படி ஒதுங்கிப்போகிற கப்பல் ஒரு நாளைக்கு 36 மைல் போகும், அப்படியானால் 13 நாளுக்குக் கொஞ்சம் மேல். லூக்கா "பதினான்காம் இரவு" என்கிறார். இதைக் கேட்டு நீ சிரிப்பாய் என்று தெரியும், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம் பற்றி நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள்.

அந்த இருட்டில்தான் வானதூதர் வருகிறார். பவுலே, அஞ்சாதே, உன்னோடு பயணம் செய்கிற எல்லாரையும் கடவுள் உனக்குக் கொடுத்திருக்கிறார். பார்த்தாயா, பேச்சைக் கேட்காமல் போனவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்கு. கடவுளின் ஆளுகை என்றால் அதுதான். தவறான முடிவு எடுத்தவனையும் அவர் கையைவிட்டு விடவில்லை. ஆனால் வாக்கு வந்தபிறகு அவர்கள் செய்த வேலையைக் கவனி. நள்ளிரவில் கரை நெருங்குவதாக மாலுமிகளுக்குத் தோன்றியது. ஆழம் பார்த்தார்கள், 20 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய 6 அடி). கொஞ்சம் போய்ப் பார்த்தார்கள், 15 பாகம். பின்புறத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டார்கள். முன்புறம் போட்டால் கப்பல் சுழன்று முனை அலையைப் பார்த்துத் திரும்பிவிடும், கரையைப் பார்த்து நிற்காது. ஆளுகை செய்கிற கடவுள் எல்லாரும் பிழைப்பார்கள் என்று சொல்லிவிட்டாரே, நங்கூரம் எதற்கு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. மாலுமிகள் முன்னால் நங்கூரம் போடுவதாகச் சொல்லிச் சின்னப் படகில் தப்பப் பார்த்தார்கள். பவுல் நூற்றுவர் தலைவரிடம் சொன்னார்: இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமுடியாது. ஒருவரும் சாகமாட்டார்கள் என்று தூதரிடம் கேட்டவர் அவர்தான். மாலுமி இல்லாமல் பிழைக்கமுடியாது என்றவரும் அவர்தான். இரண்டும் ஒரே வாயில் வந்தது. இந்த முறை யூலியு கேட்டார். படைவீரர் கயிற்றை அறுத்துப் படகைப் போகவிட்டார்கள்.

விடியும்போது பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். உங்களில் ஒருவர் தலையிலிருந்தும் ஒரு முடிகூட விழாது என்று சொல்லி, அதோடேயே அப்பத்தைப் பிட்டுத் தின்னத் தொடங்கினார். தலைமுடியை எண்ணி வைத்திருக்கிற கடவுளை நம்புகிறவன் சாப்பிடாமல் நீந்தப்போகமாட்டான். பிறகு மிச்சக் கோதுமையையும் கடலில் கொட்டினார்கள். முதலில் சரக்கைக் காப்பாற்றத்தான் துறையைவிட்டுப் புறப்பட்டார்கள், கடைசியில் அதே சரக்கைத் தங்கள் கையாலேயே எறிந்தார்கள்.

நம்ம விவிலியத்தில் சாலமோனின் ஞானம் 14ஆம் அதிகாரம் உனக்காகவே எழுதியது போல இருக்கும். ஆதாய ஆசை கப்பலைத் திட்டமிட்டது, ஞானம் அதைக் கட்டியது, தந்தையே, உமது பராமரிப்பே அதைச் செலுத்துகிறது என்று வரும். மூன்றும் அதே இடத்தில் இருக்கிறது. சீராக் 3:26இல் ஆபத்தை விரும்புகிறவன் அதிலேயே அழிவான் என்றும் இருக்கிறது. கோயில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று திருப்பாடலைக் காட்டி இயேசுவிடம் பேசியது யார் என்று உனக்குத் தெரியும், சாத்தான்தான்.

எச்சரிக்கை வந்தும் மாட்டிக்கொண்டாய் என்றால் செய்யவேண்டியது: காற்றுக்கு முதுகைக் காட்டி நில். நம்ம பாதி உலகத்தில், அதாவது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, புயலின் மையம் உன் இடக்கைப் பக்கம், கொஞ்சம் முன்னால் இருக்கும். ஒரே இடத்தில் நின்று காற்று திரும்புகிற விதத்தைப் பார். கடிகார முள் போகிற திசையில் திரும்பினால் நீ மோசமான பாதியில் கிடக்கிறாய், காற்றை வலது முன்புறத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டு. எதிர்த்திசையில் திரும்பினால் வலது பின்புறத்தில் வாங்கிக்கொண்டு ஓடு. திசையே மாறாமல் காற்று மட்டும் ஏறினால் புயல் உன்னை நோக்கியே வருகிறது, வலது பின்புறத்தில் வாங்கிக்கொண்டு அங்கிருந்து விலகிப்போ. ஐஸ் அறை மூடியை இறுக்கிக் கட்டு. தண்ணீர் இறைக்கிற பம்பின் வாயில் வலைத்துண்டு, பிளாஸ்டிக் அடைக்காமல் பார், அதிலேயே போட்டு போய்விடும். டீசலில் மூன்றில் ஒரு பங்கை எப்போதும் தொடாதே, அது திரும்பிவர. மேல்தட்டில் கிடக்கிற மீன்பெட்டி, தூண்டில் பெட்டி எதுவானாலும் தயங்காமல் எறி. எஞ்சின் நின்றால் முன்புறத்திலிருந்து கடல் நங்கூரம் விடு, இல்லாவிட்டால் நீளமான கயிற்றில் வலையைக் கட்டி விடு, முனை அலையைப் பார்த்து நிற்கும். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுப்பாய், தெரியும். எழுதினால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும், அதற்குத்தான்.

ஷைனிக்கு மாதம் நெருங்குகிறது. ஆஸ்பத்திரியில் தேதி சொல்லியிருக்கிறார்கள், அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். சொல்லவில்லை என்றால் நீ கேள். மீனவர் விபத்துக் காப்பீட்டில் இறந்தால் 5 லட்சம் என்று துறையில் எல்லாரும் பேசுகிறார்கள், பேப்பரை எடுத்துவைத்திருக்கிறாளாம். அவள் அதைப் பேசியபோது அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். உடல் கிடைக்காதவனுக்குச் சட்டப்படி 7 ஆண்டு காத்திருக்கவேண்டும் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வயதில் தெரியவேண்டிய காரியமா இது?

தரகரிடம் நான் நேற்றுப் பேசினேன். எச்சரிக்கை வந்து திரும்பிய பயணத்தின் டீசலையும் ஐஸையும் அந்தப் பயணக் கணக்கில் எழுதாமல், அடுத்த மூன்று பயணத்தில் பிரித்துப் பிடிப்பதாகச் சம்மதித்திருக்கிறார், வட்டி இல்லாமல். வாயால் சொன்னது போதாது என்று எழுதி வாங்கினேன், ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நகல் இதோடு இருக்கிறது. அசலை ஷைனியிடம் கொடுத்தாச்சு. வானிலைச் செய்தி வந்த தேதியையும் நேரத்தையும் நீ போட்டுப் புத்தகத்தில் எழுதி, பணிக்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொள், அதைக் காட்டினால்தான் அவர் ஒத்துக்கொள்வார்.

அன்புடன்,
அப்பா